கல்லாப்பெட்டி இல்லாத சினிமா

சினிமாத் தொழில் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கொட்டகை. வாசலில் நீண்ட கியூ. சிறு துவாரத்துக்குள் கையை விட்டு டிக்கெட் வாங்கும் ஜனங்கள். உள்ளே ஒருவர் காசை எண்ணிப் பெட்டியில் போடுகிறார். அந்தக் கல்லாப்பெட்டியில் விழுகிற காசில்தான் கொட்டகைக்காரர் முதல் விநியோகஸ்தர், படமுதலாளி, நடிகர், லைட் தூக்கும் தொழிலாளி வரை அத்தனை பேரும் சாப்பிடுகிறார்கள்.

அந்தப் பெட்டியே இல்லாமல் ஒரு சினிமாத் தொழில் நடக்குமா? முப்பத்தைந்து ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் வடபகுதியில், கானோ என்ற பழைய நகரத்தில். அங்கே எடுக்கப்படுவன ஹவுசா மொழிப் படங்கள். அந்தத் தொழிலுக்கு 'கானிவுட்' என்று பெயர்.

அங்கே படம் எடுக்கிறார்கள், ஜனங்கள் பார்க்கிறார்கள், நட்சத்திரங்களைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு வசூல் என்பது மட்டும் படம் எடுத்தவருக்கு ஒருநாளும் சரியாகத் தெரிந்ததில்லை. இந்தத் தொழிலின் எல்லா வியாதிக்கும் மூலம் இதுதான் என்பது நம் அபிப்பிராயம். ஏன் என்று பார்ப்போம்.

ஐந்து கோடிப் பேரின் மொழி

ஹவுசா சிறிய மொழி அல்ல. வட நைஜீரியா, பக்கத்து நாடான நைஜர் இரண்டிலும் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஐந்து கோடிக்குக் குறையமாட்டார்கள். கானா, காமரூன், சாட், சூடான் வரை சந்தைகளில் அந்த மொழி பேசப்படுகிறது. பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கானோ நகரமோ சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்த ஒட்டக வணிகர் காலத்திலிருந்தே பெயர் பெற்ற வியாபார ஸ்தலம். வியாபாரம் அவர்களுக்கு இரத்தத்தில் ஊறியது.

1990-இல் 'தும்பின் கீவா' என்ற நாடகக் குழுவினர் 'துர்மின் தன்யா' என்ற படத்தை எடுத்தார்கள். குழுவின் பெயருக்கு 'யானை வயிறு' என்று பொருள். டைரக்டர் சலிசு கலதாஞ்சி. பிலிம் சுருள் கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. வீடியோக் காமிராவில் பிடித்து, காஸெட்டில் பதிந்து, கடையில் விற்றார்கள். விற்பனைக்கென்று வந்த முதல் ஹவுசா வீடியோப் படம் இதுவே. தென் நைஜீரியாவில் வீடியோப் பட அலையைக் கிளப்பிய 'லிவிங் இன் பாண்டேஜ்' வந்தது 1992-இல்தான். பெயரிலும் வடக்கே முந்திக்கொண்டது. 1999-இல் சுனுசி ஷெஹு தனேஜி என்பவர் 'தவுராருவா' என்ற சினிமாப் பத்திரிகையில் 'கானிவுட்' என்று எழுதினார். தெற்கத்திய படங்களுக்கு 'நாலிவுட்' என்ற பெயர் 2002-இல்தான் கிடைத்தது.

தொழிலில் முந்தினார்கள், பெயரிலும் முந்தினார்கள். பணத்தில் மட்டும் ஏன் பின்தங்கினார்கள்?

கொட்டகை ஏன் உதவவில்லை?

கானோவில் சினிமாக் கொட்டகை இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே, 1937-இல், 'ரெக்ஸ்' கொட்டகை வந்துவிட்டது. நடத்தியவர்கள் லெபனான் நாட்டு வியாபாரிகள். 1951 மே 13-ந்தேதி 'எல் துனியா' என்ற கொட்டகையில் தீப்பிடித்து 331 பேர் மாண்டார்கள். அந்தத் துக்கத்தை ஊர் வெகுகாலம் மறக்கவில்லை. சினிமா பாவத் தொழில் என்று சொல்லி வந்தவர்களுக்கு அது ஒரு சான்றாகவும் போயிற்று.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கௌரவமான குடும்பத்துப் பெண் கொட்டகைக்குப் போகமாட்டாள் என்பது அந்தச் சமூகத்தின் வழக்கம். மணமான பெண்களில் பலர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர்கள். கொட்டகை என்பது ஆண்கள், அதிலும் வாலிபர்கள், கூடும் இடம்.

வீடியோக் காஸெட் வந்ததும் நிலைமை மாறியது. படம் வீட்டுக்குள் வந்தது. காதல், சக்களத்திச் சண்டை, மாமியார் கொடுமை, கட்டாயக் கல்யாணம் ஆகியவற்றைப் பற்றிய கதைகளுக்குப் பெண்கள் பெரிய ரசிகர் கூட்டமானார்கள். இந்தக் கதைகள் முதலில் மலிவு விலை நாவல்களாக வந்தவை. 'காதல் புத்தகங்கள்' என்றே கானோச் சந்தையில் அவற்றுக்குப் பெயர். எழுதியவர்களில் பலர் பிறகு படத் தொழிலுக்குப் போனார்கள். அப்படி எழுதிப் புகழ் பெற்ற பெண்மணி பலராபா ராமத் யாகுபு. அவருடைய நாவல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2012-இல் வெளியிட்டது நம் சென்னையில் உள்ள 'பிளாஃப்ட்' என்ற பதிப்பகம்! அதே பதிப்பகம்தான் நம் தமிழ் மலிவுப் பதிப்பு நாவல்களையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. சரக்கு ஒரே வகை என்று கண்டுகொண்டார்கள் போலும்.

ஆகவே ஹவுசாப் படத்துக்கு வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறார். வாசலில் டிக்கெட் கிழிக்க முடியாது. ஒரு காஸெட்டை விற்றால் அதோடு சரி. அதைப் பத்துப் பேர் பார்த்தாலும் நூறு பேர் பார்த்தாலும் படமுதலாளிக்கு வருவது ஒரு காஸெட்டின் காசுதான்.

அட்டை விற்ற கதை

அந்த ஒரு காஸெட்டின் காசாவது முழுசாக வந்ததா? அதுதான் வேடிக்கை.

கானோவில் 'கோஃபர் வம்பாய்' என்று ஒரு சந்தை. காஸெட் மொத்த வியாபாரிகளின் கோட்டை. படமுதலாளி தன் கைக்காசையும் கடன் காசையும் போட்டுப் படம் எடுப்பார். முடிந்ததும் மூலக் காஸெட்டைத் தூக்கிக்கொண்டு இந்த வியாபாரியிடம் வருவார். வியாபாரி மற்ற ஊர் வியாபாரிகளுக்கு ஒரு மூலப் பிரதியும், கூடவே நட்சத்திரங்களின் படம் அச்சிட்ட மேலட்டைகள் சில நூறும் அனுப்புவார். அவர்கள் அங்கேயே காஸெட்டில் நகல் எடுத்து, அட்டையைச் செருகி விற்பார்கள். கணக்கு என்பது அந்த அட்டைக் கணக்குதான். எத்தனை அட்டை போயிற்றோ அத்தனை காஸெட் விற்றதாக அர்த்தம்.

ஆக, சினிமா விற்றவர்கள் உண்மையில் விற்றது அட்டையை! அட்டை தீர்ந்த பிறகு வெறுங் காஸெட்டாகவே நகல் எடுத்து விற்றால் யார் கேட்பது? பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே மாதிரி அட்டையை அச்சடித்துக்கொண்டால் யார் தடுப்பது? எழுதிய ஒப்பந்தம் என்பது அபூர்வம். எல்லாம் வாய்ச்சொல், நம்பிக்கை. படமுதலாளி பணம் வசூலிக்க நடையாய் நடக்கவேண்டும்.

பிரையன் லார்கின் என்ற பேராசிரியர் கானோவில் பல காலம் தங்கி இந்த வியாபாரத்தை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்காட்டிய உண்மை ஒன்று நம்மைச் சிந்திக்க வைப்பது. இந்த விநியோக வலை ஹவுசாப் படங்களுக்காகப் பின்னப்பட்டதே அல்ல. அமெரிக்கப் படங்களையும் இந்திப் படங்களையும் திருட்டு நகல் எடுத்து ஊர் ஊராக அனுப்புவதற்காக முன்பே பின்னப்பட்டது. உள்ளூர்ப் படம் வந்ததும் அதே வலை அதற்கும் பயன்பட்டது. நேற்றுவரை திருட்டு நகல் விற்றவர் இன்று கௌரவமான விநியோகஸ்தர்!

இதில் நன்மையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. சர்க்கார் ஒரு காசு போடவில்லை. பாங்கி கடன் தரவில்லை. இந்த வலை மட்டும் இல்லாவிட்டால் ஒரு ஹவுசாப் படம் நைஜர் நாட்டு எல்லையைத் தாண்டியிருக்காது. ஆனால் திருட்டுக்காகக் கட்டிய வாய்க்காலில் தண்ணீர் விட்டால், கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

இந்திப் படத்தின் நிழல்

இன்னொரு கணக்கையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஹவுசாப் படத் தொழிலும் பிறருக்குத் தரவேண்டியதைத் தராமல் வளர்ந்ததுதான்.

லெபனான் வியாபாரிகள் 1950-களிலிருந்து இந்திப் படங்களைக் கானோவுக்குக் கொண்டுவந்தார்கள். 'மதர் இந்தியா' படம் அங்கே பல பத்தாண்டுகள் ஓடியது. மொழி புரியாது, ஆனாலும் தாய்ப்பாசம், குடும்ப மானம், அடக்கமான காதல் எல்லாம் புரிந்தன. ஹவுசாப் படம் எடுக்க வந்தவர்கள் இந்திக் கதைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கானோ பயேரோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அப்தல்லா உபா ஆடமு, இப்படித் தழுவிய படங்களை நூற்றுக்கு மேல் பட்டியல் போட்டிருக்கிறார். பம்பாய்க்கு ஒரு நைராகூடப் போனதாகத் தெரியவில்லை.

2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த 'சங்காயா' என்ற படத்தின் பாட்டும் ஆட்டமும் ஊரையே ஆட்டிவைத்தன. அதன் பிறகு பாட்டில்லாத ஹவுசாப் படத்தை வியாபாரி தொடமாட்டார் என்ற நிலை வந்தது. பாட்டு என்றால் செலவு. நடனம் என்றால் ஆடையலங்காரம். செலவு ஏறிற்று; வரவு ஏறவில்லை.

2010-களில் இதற்கு மறு அடி விழுந்தது. தெலுங்கு உள்ளிட்ட இந்தியப் படங்களுக்கே ஹவுசாவில் குரல் கொடுத்து வெளியிட ஆரம்பித்தார்கள். 'அல்கைத்தா' என்ற ஒலிப்பதிவு நிலையம் இதில் பெயர் பெற்றது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படத்துக்கு நாலு பேர் குரல் கொடுத்தால் ஆயிற்று. அதே சந்தையில், அதே விலையில், சொந்தக் காசில் எடுத்த உள்ளூர்ப் படமும் விற்கவேண்டும். இது என்ன போட்டி? எடுத்தவன் ஒருநாள் கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் கதையைத் தழுவிய முதலாளிக்கு விழவேண்டிய அடி, ஒரு பாவமும் அறியாத லைட் தொழிலாளி தலையிலும் அல்லவா விழுகிறது!

தடை மேல் தடை

2000-இல் கானோ மாநிலத்தில் ஷரியத் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் படம் எடுக்கத் தடை. தொழிலாளர்களும் முதலாளிகளும் முறையிட்டார்கள். 2001-இல் மாநிலத் தணிக்கை வாரியம் அமைந்து, தொழில் மறுபடி நடந்தது. மத்திய சர்க்காருக்கும் 1993 முதல் ஒரு தணிக்கை வாரியம் உண்டு. ஆக ஒரே படத்துக்கு இரண்டு வாசற்படி.

2007-இல் ஒரு நடிகையின் அந்தரங்கப் படம் செல்போனில் பரவி ஊர் கொந்தளித்தது. ஒருவர் விஷயத்துக்குத் தொழில் முழுவதற்கும் தண்டனை. ஆறு மாதம் படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. பிறகு வந்த சில ஆண்டுகள் கெடுபிடியின் உச்சம். நடிகர்களும் டைரக்டர்களும் சிறைக்குப் போனார்கள். 'இப்ரோ' என்று ஜனங்கள் செல்லமாக அழைத்த ஹாஸ்ய நடிகர் ராபிலு மூசா 2008-இல் சிறை சென்றார். குறைந்த செலவில் எடுத்து ஏழை எளியவர்களைச் சிரிக்க வைத்த படங்கள் அவருடையவை. அவர் 2014-இல் காலமானபோது வட நைஜீரியாவே அழுதது.

படக் கம்பெனிகள் பல அப்போது பக்கத்து மாநிலமான கடூனாவுக்குப் போயின. தடையால் படம் நிற்கவில்லை, இடம்தான் மாறியது. கானோவில் இருந்த தையற்காரர், சமையற்காரர், வேன் டிரைவர் ஆகியோரின் பிழைப்புதான் நின்றது.

ஒரு சமூகம் தன் பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிப்பதை நாம் குறை சொல்லவில்லை. தணிக்கை இல்லாத நாடு குறைவு. ஆனால் விதி என்றால் முன்கூட்டித் தெரிந்திருக்கவேண்டும். கடன் வாங்கிப் படம் எடுத்து முடித்த பிறகு புது விதி சொன்னால் அது ஒழுக்கத்தைக் காப்பதாகாது, வட்டியைத்தான் வளர்க்கும்.

2016-இல் இதற்கு நேர்மாறான காரியம் ஒன்று நடந்தது. கானோவில் 300 கோடி நைரா செலவில் சினிமாக் கிராமம் ஒன்றைக் கட்ட மத்திய சர்க்கார் திட்டம் போட்டது. மதப் பெரியவர்கள் எதிர்த்தார்கள். ஜனாதிபதி புகாரி திட்டத்தைக் கைவிட்டார். படத் தொழிலார் வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்தக் கட்டிடம் எழுந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அழகான ஸ்டுடியோவில் எடுத்த படத்தையும் அதே சந்தையில்தானே அட்டை போட்டு விற்றிருக்க வேண்டும்? ஓட்டைக் குடத்துக்குப் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டி என்ன பயன்?

கைக்குள் அடங்கிய படம்

காஸெட் போய் வட்டத் தகடு வந்தது. தகடு போய் செல்போனும் நகச்சுற்று அளவு மெமரி கார்டும் வந்தன. தெரு முனையில் ஒரு வாலிபன் கம்ப்யூட்டருடன் உட்கார்ந்திருப்பான். சில்லறைக் காசைக் கொடுத்தால் பத்துப் படத்தை கார்டில் ஏற்றித் தருவான். அட்டைக்குக்கூட வேலை இல்லாமல் போயிற்று! 2010-களில் காஸெட் சந்தை படுத்தது இப்படித்தான்.

டெலிவிஷன் கொஞ்சம் கைகொடுத்தது. 2010-இல் ஹவுசாவுக்கென்று 'ஆப்பிரிக்கா மேஜிக்' தனி அலைவரிசை தொடங்கியது. 2014-இல் கானோவிலிருந்தே 'அரேவா 24' வந்தது. சம்பளம் கிடைத்தது, வேலை முறை ஒழுங்கானது. ஆனால் சில கம்பெனிகளுக்கு வேலை கொடுக்கலாமே தவிர, ஒரு தொழில் முழுவதையும் இரண்டு அலைவரிசை தாங்க முடியாது.

இப்போது யூடியூப் காலம். 'இஸ்ஸார் ஸோ', 'லபாரினா' போன்ற தொடர்களை வாரந்தோறும் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். முதன்முறையாக, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் படமுதலாளியின் கண்ணெதிரே தெரிகிறது. இது பெரிய மாறுதல். வரவு விளம்பரத்திலிருந்து, டாலர் கணக்கில் வருகிறது. 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தைக்கு விட்டார்கள். அதற்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024 முடிவில் ஏறத்தாழ 1,500. டாலரில் வாங்குகிறவருக்கு இது ஆதாயம் போலத் தோன்றும். ஆனால் அதே 2023 மே மாதம் பெட்ரோல் மானியமும் போயிற்று. ஜெனரேட்டர் வைத்தே படம் பிடிக்க வேண்டிய ஊரில் பெட்ரோல் விலை ஏறினால் எல்லாம் ஏறும்.

மேலும், யூடியூப் எல்லாப் பார்வைக்கும் ஒரே கூலி கொடுப்பதில்லை. பார்ப்பவர் எந்த நாட்டுக்காரர், அவருக்குச் சரக்கு விற்க எந்தக் கம்பெனி விளம்பரம் தருகிறது என்பதைப் பொறுத்தது அது. வட நைஜீரியாவின் ஏழைக் கிராமத்துப் பார்வைக்கு விலை குறைவு. பழைய சந்தை வியாபாரி அட்டைக் கணக்கில் ஏமாற்றினார் என்றால் புதிய வியாபாரி விலையைத் தானே நிர்ணயிக்கிறார். பேரம் பேச ஆள் இல்லை.

தணிக்கையும் இங்கே வந்துவிட்டது. 2025 மே மாதம் கானோ வாரியம், தணிக்கைக்கு வரவில்லை என்று சொல்லி 22 ஹவுசாத் தொடர்களை ஒரேயடியாக நிறுத்தி வைத்தது. 'லபாரினா'வும் அவற்றில் ஒன்று. அப்போது வாரியத்தின் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? அபா எல் முஸ்தபா. அவரே ஒரு கானிவுட் நடிகர்!

செய்யவேண்டியது என்ன?

கானிவுட்டில் இல்லாதது திறமை அல்ல. ரசிகர்களும் ஏராளம். இல்லாதது கணக்கு. சர்க்கார் ஒரு காலத்தில் அதைப் பாவம் என்று விரட்டியது. ஒரு காலத்தில் கலை என்று கட்டிடம் கட்டித் தரப் பார்த்தது. அரிசி வியாபாரம், தோல் வியாபாரம் மாதிரி அதுவும் ஒரு வியாபாரம் என்று மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, எழுத்தில் ஒப்பந்தம். நடிகருக்கு, பாட்டுக்காரருக்கு, கதாசிரியருக்கு, தொழிலாளிக்கு என்ன பங்கு என்று படம் தொடங்குமுன் காகிதத்தில் இருக்கவேண்டும். மணமானதும் தொழிலை விட்டுப் போகிற நடிகைகள் அங்கே அநேகம். நாலைந்து வருஷ உழைப்புக்குப் பிறகு அவர்கள் வெறுங்கையோடு போவது நியாயமா? பழைய படம் ஓடும்வரை அவர்களுக்கும் ஒரு பங்கு வரட்டும்.

இரண்டாவது, சட்டம். நைஜீரியாவில் 2023 மார்ச்சில் புதிய பதிப்புரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. இணையத்தில் நடக்கும் திருட்டுக்கும் அதில் வழி சொல்லியிருக்கிறது. ஆனால் தனி ஆளாக ஒரு படமுதலாளி கோர்ட்டுக்குப் போய் மீள்வாரா? சங்கமாகத்தான் போகவேண்டும். யூடியூபிடமும் டெலிவிஷனிடமும் பேரம் பேசுவதற்கும் அதே சங்கம்தான் வேண்டும்.

மூன்றாவது, தணிக்கைக்கு ஒரே வாசல், ஒரே கட்டணம், நாள் கணக்கு. இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாக அர்த்தம் என்று எழுதி வைக்கட்டும். மதப் பெரியவர்களின் கவலையும் தீரும். கடன் வாங்கியவரின் தூக்கமும் கெடாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சஹாராவைத் தாண்டி வந்த சரக்குக்குக் கணக்கு வைத்த ஊர் அது. சினிமாவுக்குக் கணக்கு வைக்கத் தெரியாமல் போகாது. தெரிந்தும் வைக்காமலிருப்பது சிலருக்கு லாபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் சொன்ன பலராபா அம்மையாரின் நாவலுக்கு ஹவுசாப் பழமொழி ஒன்றுதான் தலைப்பு. செய்த பாவம் நாய்க்குட்டி மாதிரி, வீடு வரை பின்னாலேயே வரும் என்பது அதன் கருத்து. பிறர் உழைப்புக்குக் கொடுக்காமல் விட்ட காசும் அப்படித்தான். பம்பாய்க்குக் கொடுக்காத காசும், நடிகைக்குக் கொடுக்காத காசும், படமுதலாளிக்கு வராமல் போன காசும் முப்பத்தைந்து வருஷமாகக் கானிவுட்டின் பின்னாலேயே நடந்து வருகின்றன. அந்தக் கடனை ஒருநாள் உட்கார்ந்து எண்ணித் தீர்த்தால்தான் அந்தத் தொழில் நிமிர்ந்து நிற்கும்.